நர்சிங் படிப்புக்கு நன்கொடை: பணம் எங்கே போய்ச் சேர வேண்டும்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். போன வருடம் என் மனைவி அறுவைச் சிகிச்சை முடிந்து வார்டில் இருந்தபோது, இரவு டியூட்டியில் இருந்த நர்ஸ் அவளுடைய மூச்சு மாறுவதைக் கவனித்து உடனே டாக்டரை வரவழைத்தார். நுரையீரலில் ரத்தக்கட்டி என்று பிறகு தெரிந்தது. இப்போது மனைவி நலமாக இருக்கிறாள். என் சேமிப்பில் ஒரு பகுதியை நர்சிங் படிப்பவர்களுக்குக் கொடுக்க விரும்புகிறேன். மனைவி பெயரில் ஒரு வகுப்பறை கட்டலாம் என்கிறார் நண்பர். முதல் மதிப்பெண் எடுப்பவருக்குப் பதக்கம் வைக்கலாம் என்கிறாள் மகள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் நர்சிங் சேரப் போகிறாள், அவளுக்கே நேரடியாகப் பணம் கட்டிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். படித்து முடித்துவிட்டு வெளிநாடு போய்விட்டால் என்ன செய்வது? சில வருடம் குறிப்பிட்ட மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும் என்று எழுதி வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் மனைவி நலமாக இருப்பதில் மிகுந்த மகிழ்ச்சி. நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்தியவள், உதவித்தொகைக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் நண்பரும் மகளும் சொல்வது நல்ல எண்ணத்தில்தான். இருந்தாலும் இரண்டையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஏன் என்பதற்கு அந்த இரவில் நடந்ததையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒருவரின் உடல்நிலை மோசமாகத் தொடங்கும்போது முதலில் மாறுபவற்றில் ஒன்று மூச்சின் எண்ணிக்கை. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. ரத்த அழுத்தம் இறங்குவதற்கு வெகு நேரம் முன்பே மூச்சு வேகமெடுத்துவிடலாம். ஆனால் வார்டில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுகிற அளவும் இதுதான். அவசரத்தில் 15 நொடி பார்த்து நான்கால் பெருக்கிவிடுவார்கள், சில சமயம் எண்ணாமலே ஒரு எண்ணை எழுதிவிடுவார்கள். நோயாளி உணராதபடி, நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டு, முழு நிமிடம் எண்ண வேண்டும் என்று முதலாண்டிலேயே சொல்லித்தருகிறோம். புத்தகத்தில் அது ஒரு வரிதான். அது கைப்பழக்கமாவது வார்டில். "மறுபடியும் எண்ணிப் பாரும்மா" என்று பக்கத்தில் நின்று சொல்ல ஒருவர் இருந்தால்தான் அது நடக்கும்.

அந்த நர்ஸ் அன்றிரவு அங்கே நின்றதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நடுவில் நின்றுவிடாமல் அவர் படிப்பை முடித்தார். படிக்கும்போது கட்டில் பக்கத்தில் நின்று சொல்லித்தர அவருக்கு ஆள் இருந்தது. உங்கள் பணம் இந்த இரண்டில் ஒன்றுக்குப் போக வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இது புதிய யோசனை இல்லை. கிரிமியப் போரின்போது ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் செய்த சேவையைப் பாராட்டி 1855-ல் லண்டனில் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். ஏறக்குறைய 45,000 பவுண்டு சேர்ந்தது. படைவீரர்களும் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள். அந்தப் பணத்தில்தான் 1860-ல் புனித தாமஸ் மருத்துவமனையில் நர்சிங் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. நிதி எதற்குச் செலவானது என்று பாருங்கள்: பயிற்சி பெற வந்தவர்களின் தங்குமிடம், சாப்பாடு, சீருடை, கைச்செலவுக்கு ஆண்டுக்கு 10 பவுண்டு. கூடவே, சொல்லித்தந்த மேட்ரனுக்கும் (தலைமை நர்ஸ்) வார்டு சிஸ்டர்களுக்கும் (வார்டுப் பொறுப்பு நர்ஸ்கள்) அந்த வேலைக்கென்று தனியாகப் பணம். மாணவியின் வாழ்க்கைச் செலவும் ஆசிரியரின் உழைப்புக்கான கூலியும் சரியாக அமைந்தால் பள்ளி நடக்கும் என்பதை அந்த நிதியை நிர்வகித்தவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள்.

இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை. உதவித்தொகை என்றாலே கல்லூரிக் கட்டணத்தைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். சேரும்போது கட்டும் முதல் கட்டணத்துக்கு ஓடியாடி எப்படியாவது பணம் திரட்டிவிடுவார்கள், உறவினர்களும் கை கொடுப்பார்கள். சிக்கல் இரண்டாம் ஆண்டில் வருகிறது. வார்டுக்குப் போகும் முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை போட வேண்டும், பல கல்லூரிகளில் அது மாணவர் செலவு. மணிக்கணக்கில் நிற்பதற்கு ஏற்ற ஷூ, கூடுதல் சீருடை, ஸ்டெதஸ்கோப், நொடி முள் உள்ள கடிகாரம் வேண்டும். கிளினிக்கல் போஸ்டிங், அதாவது மருத்துவமனையில் பெறும் நேரடிப் பயிற்சி, ஒவ்வொரு பருவத்திலும் வேறு வேறு மருத்துவமனையில் இருக்கும். விடிவதற்குள் அங்கே போய்ச் சேர வேண்டும், நைட் டியூட்டி முடிந்தால் திரும்பி வர வண்டி வேண்டும். வேறு பாடம் படிக்கிற பிள்ளைகள் மாலையில் பகுதிநேர வேலைக்குப் போகலாம். நர்சிங் மாணவருக்கு அந்த நேரமும் வார்டில்தான் கழியும். இதற்கு நடுவில் வீட்டில் சம்பாதிப்பவர் நோயில் படுத்துவிட்டால், நன்றாகப் படிக்கும் மாணவி ஒரு வாரம் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் போவாள். அப்புறம் வர மாட்டாள். அவளைக் கல்லூரியில் வைத்திருக்க அந்த வாரத்தில் தேவைப்பட்டது பெரும்பாலும் சின்னத் தொகையாகத்தான் இருக்கும்.

ஆகவே என் முதல் சிபாரிசு ஓர் அவசர உதவி நிதி. ஒரு கல்லூரியோடு பேசி, மாணவர் கேட்ட இரண்டு மூன்று நாளில் பணம் கைக்குப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். விண்ணப்பம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. முடிவெடுப்பது முதல்வரும் இரண்டு ஆசிரியர்களும் மட்டுமாக இருக்கட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் பெரிய குழு இதற்கு உதவாது. திருப்பித் தர வேண்டிய கடன் என்றும் வைக்காதீர்கள். குடும்பத்தில் ஏற்கெனவே கடன் நெருக்குகிறது, அதனால்தான் அந்தப் பிள்ளை கேட்கவே வருகிறது. இன்னொன்றையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்: கடைசி ஆண்டுத் தேர்வுக் கட்டணமும், படிப்பு முடிந்து நர்ஸாகப் பதிவு செய்துகொள்ளும் கட்டணமும். எல்லாத் தேர்விலும் தேறிவிட்டு, பதிவுக்குப் பணம் இல்லாமல் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அத்தனை ஆண்டு உழைப்பும் அந்த ஒரு ரசீதுக்காகக் காத்துக் கிடக்கும். எனக்கு மனது ஆறாத விஷயம் இது.

அடுத்தது ஆசிரியர்கள். இதைப் பற்றிக் கொடையாளர்கள் கேட்பதே இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் 2.98 கோடி நர்ஸ்கள் இருக்கிறார்கள், இன்னும் 58 லட்சம் பேர் தேவை. கல்லூரிகளில் இடத்தை அதிகரித்தால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். இடம் கூடி ஆசிரியர் கூடாவிட்டால் வார்டில் என்ன நடக்கும்? ஓர் ஆசிரியரால் ஒரே நேரத்தில் எட்டு, பத்து மாணவர்களைக் கவனிக்கலாம். அதுவே அதிகம். இருபது பேரானால், ஊசி போடும் கையைப் பார்க்க ஆள் இருக்காது. நல்ல நர்ஸ் ஒருவர் ஆசிரியராக வேண்டும் என்றால் முதுநிலைப் படிப்பு படிக்க வேண்டும். அதற்காகச் சம்பளத்தை விட்டுவிட்டு வர வேண்டும். திரும்பிவந்து ஆசிரியராகச் சேர்ந்தால் பல நாடுகளில் வார்டு வேலையைவிடக் குறைந்த சம்பளம். யார் வருவார்கள்?

உங்களைப் போன்றவர்கள் இங்கே பெரிய வேலை செய்யலாம். வார்டில் சில வருடம் அனுபவமுள்ள, சொல்லித்தருவதில் ஆர்வமுள்ள ஒரு நர்ஸின் முதுநிலைப் படிப்பையும், அந்தக் காலத்தில் அவர் இழக்கும் சம்பளத்தில் ஒரு பகுதியையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒருவருக்குத்தான் கொடுக்கிறீர்கள், ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் அவர் வார்டில் பயிற்றுவிக்கப் போகிறவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். அவ்வளவு தொகை முடியாது என்றால், மாணவர்களைக் கூட நிறுத்தி வேலை சொல்லித்தரும் வார்டு நர்ஸ்களுக்கு ஒரு மதிப்பூதியம் ஏற்பாடு செய்யலாம். இப்போது பெரும்பாலான இடங்களில் அவர்கள் அதைத் தங்கள் வழக்கமான வேலைக்கு மேல் சும்மா செய்துகொண்டிருக்கிறார்கள்.

படிப்பின் தரம் நோயாளியின் உயிரைத் தொடுகிறதா என்ற கேள்விக்கும் ஆய்வுகள் இருக்கின்றன. நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கன் தலைமையில் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பட்டப்படிப்பு முடித்த நர்ஸ்களின் பங்கு ஒவ்வொரு 10 சதவீதம் கூடும்போதும், அறுவைச் சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடுதலானால் அந்த வாய்ப்பு 7 சதவீதம் அதிகம். இது தொடர்பைக் காட்டுகிற ஆய்வு, காரணத்தை நிரூபிப்பது அல்ல. ஒரு கணித ஆசிரியருக்கு அந்த வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் வார்டில் வேலை செய்த யாரும் அந்த எண்களைப் பார்த்து ஆச்சரியப்பட மாட்டார்கள்.

இப்போது வகுப்பறைக்கு வருவோம். கட்டடத்துக்குக் கொடுப்பதில் தவறு இல்லை. ஆனால் கட்டடத்துக்குக் கொடையாளர் கிடைப்பது சுலபம், பெயர்ப்பலகை இருக்கிறது, திறப்பு விழா இருக்கிறது. மாதாமாதம் சம்பளத்துக்குக் கொடையாளர் கிடைப்பதுதான் கடினம். பயிற்சிக்கான மேனிக்கின் பொம்மைகளும் அப்படித்தான். பயிற்சிக் கூடம் உண்மையிலேயே பயனுள்ளது. வார்டு பயிற்சி நேரத்தில் பாதிவரை தரமான பாவனைப் பயிற்சியால் (பொம்மை போன்றவற்றை நோயாளியாகப் பாவித்துச் செய்வது) ஈடுசெய்தாலும் மாணவர்களின் தேர்ச்சி குறையவில்லை என்று அமெரிக்காவின் மாநில நர்சிங் வாரியங்களுக்கான தேசியக் கவுன்சில் 2014-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. ஆனால் அதில் கலந்துகொண்ட ஆசிரியர்களுக்கு அதற்கென்றே பயிற்சி கொடுக்கப்பட்டிருந்தது. பொம்மை வந்து இறங்கி, அதை இயக்கத் தெரிந்தவர் இல்லாமல், உறை பிரிக்காமல் பூட்டிவைத்திருக்கும் கூடங்களை நான் பார்த்திருக்கிறேன். கருவி கேட்கும் கல்லூரியிடம் "யார் இதை வைத்துப் பாடம் எடுப்பார்கள், பழுதானால் யார் பார்ப்பார்கள்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் தாராளமாகக் கொடுங்கள்.

பதக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் மதிப்பெண் எடுக்கிறவர் உங்கள் பதக்கம் இல்லாவிட்டாலும் நர்ஸாகிவிடுவார். உங்கள் பணம் இல்லாவிட்டால் நர்ஸாக முடியாதவர் பட்டியலின் நடுவில் எங்கோ இருக்கிறார். அவரைத் தேடுங்கள்.

உங்களுக்குத் தெரிந்த அந்தப் பெண்ணைப் பற்றி. அவளுக்கு உதவ வேண்டும் என்று தோன்றினால் உதவுங்கள், அது உங்கள் அன்பு. ஆனால் அதைக் கல்விக் கொடை என்ற கணக்கில் சேர்க்காதீர்கள். பெரும்பாலான நாடுகளில் தனிநபருக்கு நேரடியாகத் தரும் பணத்துக்கு வரிச் சலுகை கிடையாது. அதைவிட முக்கியமானது, அவள் நிலைமை. ஒரு பாடத்தில் தவறினால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயப்படுவாள். நர்சிங் தனக்கு ஒத்துவரவில்லை என்று ஆறு மாதத்தில் தெரிந்தாலும் சொல்ல மாட்டாள். பணம் கல்லூரி வழியாகப் போய், யார் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியாமலே இருந்தால் நிம்மதியாகப் படிப்பாள். உதவி பெறுகிறவர்களை மேடையில் நிறுத்திப் போட்டோ எடுப்பதற்கும் சம்மதிக்காதீர்கள். வகுப்பில் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்ற கூச்சத்தில் கேட்காமலே நின்றுவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எழுதி வாங்குவது பற்றி என் கருத்து உறுதியானது. குறிப்பிட்ட ஒரு மருத்துவமனையில் வேலை செய்தே தீர வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்க வேண்டாம். அந்த மருத்துவமனையில் ஆள் பற்றாக்குறையால் ஒரே நர்ஸ் முப்பது நோயாளியைப் பார்க்க வேண்டியிருந்தாலும், மேலதிகாரி கொடுமைப்படுத்தினாலும், விட்டுவர முடியாமல் மாட்டிக்கொள்வார். சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு மிரட்டுவதும் நடக்கிறது. உங்கள் பணம் அப்படி ஒரு பூட்டாக மாறுவதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள். நைட்டிங்கேல் பள்ளியிலும் பயிற்சிக்குப் பிறகு சில ஆண்டுகள் சொன்ன இடத்தில் பணிபுரியும் ஒப்பந்தம் இருந்தது உண்மைதான். ஆனால் இன்று இதைவிட நல்ல மாதிரிகள் இருக்கின்றன. 2022-ல் அமெரிக்கத் தொழிலதிபர் லெனார்ட் லாடர் பென்சில்வேனியா பல்கலைக்கழக நர்சிங் பள்ளிக்கு 12.5 கோடி டாலர் கொடுத்தார். அந்த நிதியில் மேற்படிப்பு படிக்கிறவர்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. படிப்பு முடிந்து குறைந்தது இரண்டு ஆண்டு மருத்துவ வசதி குறைந்த சமூகங்களில் பணிபுரிய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. எந்த மருத்துவமனை என்று கட்டிப்போடவில்லை.

வெளிநாடு போவது பற்றிய உங்கள் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உலகில் ஏழு நர்ஸ்களில் ஒருவர் தான் பிறந்த நாட்டுக்கு வெளியே வேலை செய்கிறார் என்று நான் முன்பு சொன்ன அதே அறிக்கை கூறுகிறது. ஏழை நாடுகளுக்கு இது உண்மையான இழப்பு. ஆனால் ஒருவரை ஊரில் நிறுத்துவது நல்ல சம்பளம், பாதுகாப்பான ஷிப்ட், தங்க இடம், பதவி உயர்வு. கொடையாளராக உங்களால் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது: எங்கே ஆள் தேவையோ அந்தப் பகுதியிலிருந்தே மாணவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கிராமப்புறத்திலிருந்து வந்து படித்தவர்கள் கிராமப்புறத்துக்கே திரும்பிப் பணிபுரியும் வாய்ப்பு அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் இதைப் பரிந்துரைக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் வெளிநாடு போனால், போகட்டும். அங்கேயும் ஒரு நோயாளியின் மூச்சை எண்ணிக்கொண்டுதான் இருப்பார்.

மூலதனமாகப் போட்டு வட்டியில் கொடுப்பதா, நேரடியாகச் செலவிடுவதா என்று கல்லூரி உங்களிடம் கேட்கும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நீண்டகால நிதிகளில் ஆண்டுக்குச் சுமார் 4 சதவீதம் மட்டும் எடுத்துச் செலவிடுவது பொதுவான வழக்கம். அப்படியென்றால் ஒரு மாணவரின் ஓராண்டுச் செலவைப் போல 25 மடங்கு வைத்தால்தான் எப்போதும் ஒருவர் படித்துக்கொண்டிருப்பார். அதே 25 பங்கை நேரடியாகச் செலவிட்டால் ஆறு பேர் நான்காண்டுப் படிப்பை முடித்துவிடுவார்கள், ஒரு பங்கு அவசர நிதிக்கு மிச்சமாகும். மூலதன வழியில் அந்த ஆறு பேர் முடிக்க 24 ஆண்டாகும். மூலதனம் தீராது, அதன் பிறகும் தொடரும் என்பது அதன் பலம். கட்டணம் வட்டியைவிட வேகமாக ஏறினால் தேய்ந்துபோகும் என்பது பலவீனம். மிகப் பெரிய தொகை இல்லாதவர்கள் பத்தாண்டுக்குள் செலவிட்டு முடிப்பதே நல்லது என்பது என் எண்ணம். பற்றாக்குறை இப்போது இருக்கிறது.

எந்தக் கல்லூரி என்று முடிவு செய்வதற்கு முன், நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா, மாணவர்கள் பயிற்சி பெறும் மருத்துவமனையில் போதிய நோயாளிகள் வருகிறார்களா என்று பாருங்கள். முதல்வரிடம் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "நான்கு வருடம் முன்பு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், மற்றவர்கள் ஏன் நின்றார்கள்?" நல்ல கல்லூரிக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஏன் போனது என்று தெரிந்திருக்கும். அந்தப் பதிலிலேயே உங்கள் பணம் எங்கே தேவை என்பதும் தெரிந்துவிடும். கொடையை எழுத்தில் வையுங்கள். எதற்கு, யார் தேர்ந்தெடுப்பது, ஆண்டுதோறும் என்ன கணக்குத் தருவது, அந்தத் திட்டம் நின்றுபோனால் மீதிப் பணம் எதற்குப் போவது என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். மனைவி பெயரை நிதிக்கு வையுங்கள், அதில் எந்தக் குறையும் இல்லை.

கடைசியாக, உங்கள் வயதையும் மனைவியின் உடல்நிலையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவத்துக்கும் வாழ்க்கைக்கும் தேவையானதை ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதிலிருந்து மட்டும் கொடுங்கள். பெரிய தொகை கொடுக்க ஆசை இருந்தால் உயிலில் எழுதலாம். இப்போதைக்கு முதல் ஆண்டுக்கான அவசர நிதியை மட்டும் கொடுத்துப் பாருங்கள். எத்தனை பேருக்கு, எவ்வளவு நாளில், எதற்காகப் போனது என்ற கணக்கு ஆண்டு முடிவில் ஒழுங்காக வந்தால் ஆசிரியர் பயிற்சிக்கும் சேர்த்துக் கொடுங்கள். வராவிட்டால், தயங்காமல் வேறு கல்லூரியைப் பாருங்கள்.